மூலைக்காரியும் நானும்

அந்தக் கம்பளியை நான் பத்தா கடைவீதியில் வாங்கினேன். பாஸ்போர்ட் வேலையாக ரியாத் போன நாளில், அந்தச் சந்தடிக்குள் கடை கடையாக ஏறி இறங்கி, தொண்டை வற்ற பேரம் பேசி, திரும்பும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கொரியன் கம்பளி. சிவப்பு நிறம், பெரிய பெரிய ரோஜாப்பூ. சவூதியின் வடக்கே, நாங்கள் இருந்த ஜவ்ஃப் பக்கம் குளிர் என்றால் சும்மா இல்லை. ஜனவரியில் வாளித் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி பனிக்கட்டி படர்ந்திருக்கும். டியூட்டி முடிந்து வந்து அந்தக் கம்பளிக்குள் நுழைந்தால்தான் எனக்கு உயிர் வரும்.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால் கட்டிலில் கம்பளியைக் காணோம். பின்கதவைத் திறந்தேன். தோட்டத்து மூலையில் ஒரு ஒலிவ மரம் என் ரோஜாப்பூக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நின்றது. இடுப்பில் கயிறு வேறு. என் கணவர் இரண்டடி தள்ளி நின்று, கல்யாணப் பெண்ணுக்குச் சேலை கட்டிவிட்டவர் மாதிரி தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு உறைபனி விழும்னு வீட்டுக்காரர் சொன்னாரு. இவளுக்குப் போன வருசமே தூர்ல வெடிப்பு" என்றார்.

இவளுக்கு. என் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான்.

"அப்போ எனக்கு?"

"உனக்கு ஹீட்டர் இருக்குல்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய், கதவை எவ்வளவு சத்தமாகச் சாத்த முடியுமோ அவ்வளவு சத்தமாகச் சாத்தினேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

நான் நர்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர். அவரும் அதே கரைதான். கடலுக்குப் போனவர், படகு எஞ்சின் பழுது பார்க்கத் தெரிந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு என் விசாவின் பேரில், என் கணவர் என்ற ஒரே தகுதியில், சவூதிக்கு வந்தார். அந்த இகாமாவில், அதாவது குடியிருப்பு அனுமதியில், அவர் வேலை பார்க்கக் கூடாது. ஊரில் இதற்கு ஒரு பட்டம் உண்டு: நர்ஸ் மாப்பிள்ளை. லீவுக்குப் போனால் சேக்காளிகள், "என்னவே, சோறு பொங்கப் படிச்சாச்சா?" என்று கேட்பார்கள். அவர் சிரிப்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னிடம் பேச மாட்டார்.

நாங்கள் குடியிருந்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் தோட்டத்தை ஒட்டிய சின்ன வீடு. அவர் எங்கள் வீட்டுக்காரர், சவூதிக்காரர். தகப்பன் விட்டுப்போன தோட்டம் அது. நாற்பது ஒலிவ மரம் இருக்கும். அதிலிருந்து அவர் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை. குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் எண்ணெய், உறவுகளுக்கு இரண்டு டின், ஊறுகாய்க்குக் காய். வெள்ளிக்கிழமை பிள்ளைகுட்டியோடு வந்து, பாய் விரித்து காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். மரங்கள் அவை பாட்டுக்குக் காடாக வளர்ந்து கிடந்தன.

ஒலிவ மரத்தை எங்கள் ஊரில் வேதப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஒலிவ மலை, புறா கொண்டுவந்த ஒலிவ இலை. என் கணவர் முதல் ஆறு மாதம் அந்த மரங்களைச் சன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு, செல்போனை நோண்டிக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு அறுவடையின்போது வீட்டுக்காரர் மரத்தடியில் வலை விரிப்பதைப் பார்த்திருக்கிறார். காயைக் குச்சியால் தட்டினால் கீழே விரித்த வலையில் விழும், அப்படியே அள்ளி எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோவார்கள். வலை என்றால் இந்த மனுஷனுக்குச் சும்மா இருக்க முடியுமா? அது நாலு இடத்தில் கிழிந்திருந்ததாம். வெளியே போய், கேட்காமலே வாங்கி, உட்கார்ந்து பின்னிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்றோடு என் கணவர் எனக்குப் பாதி இல்லாமல் போனார்.

அடுத்த இரண்டு வருடம் அவருடைய பேச்சே மரம்தான். தூரிலிருந்து கிளம்பும் ஈர்க்குக் கொம்புகளை அடியோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தின் சத்தை அவை குடித்துவிடும். உள்ளுக்குள் ஒன்றோடொன்று உரசும் கிளையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். நடுவில் வெயில் இறங்க இடம் விட வேண்டும். முந்தின வருடம் வளர்ந்த கொப்பில்தான் இந்த வருடம் காய் பிடிக்கும். ஆகவே பெருங்கிளையை வெட்டினால் இரண்டு வருடம் காயை மறந்துவிட வேண்டும். நான் கேட்கவே இல்லை. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தால் அது பாட்டுக்குக் காதில் வந்து விழும். கவாத்து என்று நம் ஊரில் ஒரு சொல் இருப்பதை நான்தான் அவருக்குச் சொன்னேன். அவர் அதை ஏற்கவில்லை. "முடி வெட்டுதேன்" என்றுதான் சொல்வார்.

முடி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரி என் தலைமுடியைத் தோள் வரைக்கும் வெட்டிவிட்டாள். கல்யாணம் ஆன நாள் முதல் இடுப்பு வரை கிடந்த முடி. வார்டு முழுக்க, ஒரு நோயாளிகூட, நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூலைக்காரிக்கு இலை சுருளுது, பாத்தியா?" என்றார்.

மூன்றாம் நாள் என்னை உற்றுப் பார்த்து, "தலை வலிக்குதா? என்னவோ மாதிரி இருக்க" என்றார்.

மூலைக்காரி என்பது அந்த மூலை மரத்துக்கு அவர் வைத்த பேர். கம்பளி கட்டிக்கொண்டாளே, அவள்தான். கூனி என்று இன்னொன்று. வாசலுக்குக் குறுக்கே நின்ற ஒன்றுக்கு மாமியார் என்று பேர். ஆனால் ஆள் மயங்கியது மூலைக்காரியிடம். ஆஸ்பத்திரிப் பையில் நான் வைத்திருந்த ஸ்பிரிட் பஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. கேட்டால், ஒரு மரத்தின் நோய் இன்னொன்றுக்குத் தொற்றாமல் ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரியைத் துடைக்கிறாராம். "நீதானே சொல்லுவ, கை கழுவாம அடுத்த ஆளத் தொடக் கூடாதுன்னு" என்றார். என் படிப்பை எடுத்து என் சக்களத்திக்கே செலவழித்தால் வயிறு எரியாதா?

வார்டில் ஒரு மலையாளச் சிஸ்டரிடம் சொல்லிப் புலம்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மரமல்லே மோளே, போட்டே" என்றாள். மரம்தானே, போகட்டும் என்று அவளுக்கு எளிது. ஒரு பெண்ணாக இருந்தால் அவள் வாயாடுவாள், கிழவியாவாள், ஒரு நாள் இவருக்கே அலுக்கும். சண்டை போடவாவது ஒரு முகம் இருக்கும். மரத்திடம் போய் நான் என்ன கேட்பது?

இதெல்லாம் சிரித்துக் கடக்கக்கூடிய விஷயமாகவே இருந்திருக்கும், தோஹா வேலை வராமல் இருந்திருந்தால்.

எங்களுக்கு ஒரு மகள். ஜவ்ஃபில் அவளைச் சேர்க்கத் தோதான பள்ளி கிடைக்காமல், ஊரில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். அக்கா குறை வைக்கவில்லை. அதுதான் பிரச்சினை. போனில் பிள்ளை அக்காவை அம்மா என்று கூப்பிடுவது கேட்கும். வீடியோவில் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிடம் யோசித்து, "துபாய் அம்மா" என்பாள். நான் துபாயைக் கண்டதே இல்லை. அவளுக்கு வெளிநாடு என்றால் துபாய். கம்பளி போன அந்தக் குளிர்காலத்தில்தான் தோஹாவில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு இடம் கிடைத்தது. சேர்ந்து கொஞ்ச நாளில் குடும்ப விசாவுக்கு எழுதலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே சோறு தின்னலாம்.

சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே பட்டார். பிள்ளையின் போட்டோவை எடுத்துப் பார்த்தார். அப்புறம், "வெட்டு முடியட்டும், பாப்போம்" என்றார்.

"எத பாப்போம்?"

"எல்லாத்தையும்தான்."

அந்தப் பாப்போமுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. வீட்டுக்காரர் மனைவி எனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே, அவர்களுக்கு ரொம்ப சந்தோஷம் என்றார். எதற்கு என்று கேட்டேன். நான் தோஹா போனாலும் என் கணவர் இங்கேயே இருக்கப்போகிறார் அல்லவா, அவருக்குத் தன் கணவர் கஃபீலாக, விசாவுக்குப் பொறுப்பாளராக, நின்று தோட்ட வேலை விசா எடுத்துக் கொடுக்கப்போகிறார் அல்லவா, அதற்கு. அரைகுறை அரபியில் நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் நீளும். அவர் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டது உண்மை, இன்னும் பதில் சொல்லவில்லை என்றார்.

"பதில் சொல்ல இதுல என்ன இருக்கு?" என்றேன்.

அவர் கத்தரியின் திருகாணியை முறுக்கினார். "மூணு வருசமா உனக்க இகாமாவுல ஒட்டிக்கிட்டு இருக்கேன். எனக்குன்னு ஒரு விசா தரேன்னு ஒருத்தன் கேட்டிருக்கான். அத ரெண்டு நாள் கையில வச்சுப் பாக்கக் கூடாதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. பிள்ளையா மரமா என்று கேட்டேன். அப்படிக் கேட்கக் கூடாது என்றார். அப்படித்தான் கேட்பேன் என்றேன். பின்கதவு வழியாகப் போய்விட்டார். எங்கே போயிருப்பார்? அவளிடம்தான்.

உறைபனிக் காலம் போனதும் மார்ச்சில் வெட்டத் தொடங்கினார். நான் ராஜினாமா கொடுத்து, கடைசி டியூட்டிகளை முடித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் சாப்பாடு, துணி, சாவி இவற்றைப் பற்றி மட்டுமே பேச்சு. ஒரு நாள் காலையில் நைட் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வண்டியில் வந்து இறங்கினேன். வழக்கமாகத் தோட்டத்துச் சுவருக்கு மேல் பச்சை தெரியும். அன்று ஆகாசம் தெரிந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். மூலைக்காரிக்குத் தலையே இல்லை. கழுத்தளவு உயரத்தில் மூன்று மொட்டைக் கிளைகள் மட்டும் நின்றன. வெட்டுவாய் ஈரமாக, வெளிர் மஞ்சளாக இருந்தது. கூனி, மாமியார், அந்த வரிசை முழுக்க அதே கதி. தரையெல்லாம் வெள்ளிநிற இலைக்குவியல். இவர் ரம்பத்தைப் பிடித்தபடி வியர்வையில் நனைந்து நின்றார்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வருடமாகச் சோற்றோடு ஊட்டிய பாடம் அல்லவா? இப்படி வெட்டினால் இரண்டு வருடத்துக்குக் காய் கிடையாது. துளிர் வரும், அதில் எதை விடுவது எதைக் கிள்ளுவது என்று கூடவே இருந்து பார்க்க வேண்டும். கிளம்பப் போகிறவன் இப்படி வெட்ட மாட்டான். மூன்றாம் வருடக் காயைத் தன் கையால் பறிக்க நினைக்கிறவன்தான் இப்படி வெட்டுவான்.

"அப்போ நீங்க வரல" என்றேன்.

"யாரு சொன்னா?"

"இவ சொல்லுதா." மூலைக்காரியைக் காட்டினேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன். யூனிபாரத்தோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த இலைக் குப்பைக்கு நடுவில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளைக்கு அப்பன் செத்துப்போனான் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றுகூடச் சொன்னேன்.

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். வெட்டிப்போட்ட ஒரு தடியின் மேல் உட்கார்ந்தார்.

"விசா வேண்டாம்னு போன வாரமே சொல்லிட்டேன்" என்றார்.

நான் மூக்கைச் சிந்தினேன். "பின்ன இது என்ன?"

"நான் வேண்டாம்னு சொன்னதும் வீட்டுக்காரரு வேற ஆளு பாத்தாரு. பக்கத்துத் தோட்டத்துல ஒரு பெங்காளி பாய் இருக்காம்லா, அவன் முந்தாநாளு வந்து பாத்தான். நல்ல பயதான். ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தான். மூலைக்காரிக்க கொப்ப வளைச்சுப் பிடிச்சு, இந்த வருசம் இதுல நல்லாப் பிடிக்கும் பாய்ன்னு எனக்கிட்டயே சொல்லுதான்."

உள்ளங்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"மரமெல்லாம் வயசாயிட்டு, எப்படியும் பெருவெட்டு வெட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரர்கிட்ட கேட்டுத்தான் வெட்டுதேன், நீ பாத்துச் செய்யி, அவ்வளவுதான், கலாஸ்னுட்டாரு. ஆனா வருசத்துக்குக் கொஞ்சமா, மூணு வருசமாப் பிரிச்சு வெட்டலாம். அதுதான் முறை. நான் ஒரேயடியா வெட்டிட்டேன்."

"ஏன்?"

"நான் வளத்த கொப்புல அவன் காய் பறிக்கக் கூடாது. அவன் பறிக்கப்போறது அவன் வளத்த கொப்பாயிருக்கட்டும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் நன்றாகவே அடையாளம் கண்டேன். இரண்டு வருடமாகக் கண்ணாடியில் நான் பார்த்து வந்தது அதுதான். இவர் வருகிறார், பிள்ளை வருகிறாள், நான் ஜெயித்துவிட்டேன், சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். சந்தோஷம் வரத்தான் செய்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. இந்த மனுஷனுக்கு இப்படியும் பொறாமைப்படத் தெரியுமா? எனக்காக இவர் ஒரு நாளும் இப்படி முகம் கறுத்து நான் பார்த்ததில்லையே.

இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கொப்புகளை இழுத்துச் சுவரோரம் குவித்தோம். கம்பளியை நான் மூலைக்காரியின் தூரிலிருந்து அவிழ்த்தேன். மண்ணும் பிசினுமாக இருந்தது. இரண்டு தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை, பெட்டியில் இடமும் இல்லை, வீட்டுக்காரர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் தோஹாவுக்குப் போனேன். அவர் ஊருக்குப் போய்ப் பிள்ளையோடு இருந்தார். குடும்ப விசா கிடைக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அங்கே நஜ்மா என்ற பகுதியில் ஒரு பிளாட்டில் இன்னும் மூன்று நர்ஸுகளோடு இருந்தேன். அந்தப் பெண்களுக்கு ஊரிலிருந்து புருஷன்மார் கூப்பிட்டபடியே இருப்பார்கள். டியூட்டி முடிந்ததா, வண்டியில் யார் கூட வந்தார்கள், பின்னால் ஆண் குரல் கேட்கிறதே யார் அது. அவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். என் போன் சும்மா கிடக்கும். நானாகக் கூப்பிட்டால், "வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்று வரும். ஜவ்ஃபிலிருந்து வீட்டுக்காரர் அவருக்கு வீடியோவில் துளிரைக் காட்டிக்கொண்டிருப்பார். கிளைக்குக் கிளை எதை விட வேண்டும், எதைக் கிள்ள வேண்டும் என்று இவர் கன்னியாகுமரியிலிருந்து கைகாட்டிக்கொண்டிருப்பார். பெங்காளி பாய் அந்தப் பக்கம் நின்று கிள்ளுவானாம்.

பிறகு வந்தார்கள். நஜ்மாவிலேயே ஒரு ஹால், ஒரு ரூம், குளிரூட்டி சத்தம் போடும் ஒரு வீடு. அவருக்கு எஞ்சின் ஒர்க்ஷாப் ஒன்றில் வேலைக்குப் பேசியிருக்கிறது. மகள் முதல் வாரம் என்னைப் பேர் எதுவும் சொல்லாமல், சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் கூப்பிட்டாள். இரண்டாம் வாரம் அம்மா என்றாள். நான் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அயிலை மீன் குழம்பு. அவர் முள்ளெடுத்து எடுத்து மகளின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெகுநாளாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மூலைக்காரிய இன்னொருத்தன் தொட்டுட்டான்னு அந்த வெட்டு வெட்டினீங்க. மூணு மாசம் நான் இங்க தனியா கெடந்தேன். என்னப் பத்தி ஒரு நாளாவது பயம் வந்துச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி அவருக்கு விளங்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உன்னப் பத்தி எனக்கு என்ன பயம்?" என்றார். சொல்லிவிட்டு அடுத்த மீனைப் பிரிக்கத் தொடங்கினார்.

அந்த மூன்று நர்ஸுகளும் இதைக் கேட்டிருந்தால், கொடுத்துவைத்தவள் என்று என்னைச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் தெரியும், ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு இதைவிடப் பெரிதாக ஒன்றும் கொடுக்க முடியாது. இருந்தாலும் சொல்கிறேன், அந்த மனுஷன் கொஞ்சம் பயந்திருக்கலாம்.